ஆயிரம் வீட்டு பேட்டரியைச் சேர்த்தா ஒரு பவர் பிளான்ட் ஆயிடுமா? வாசகர் கேள்வி பதில்

ரெண்டு இதழுக்கு முன்னாடி இந்தப் பக்கத்துல போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், "வீட்டு பேட்டரி, கார் சார்ஜர், வாட்டர் ஹீட்டர் எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து ஓட்டுற விர்ச்சுவல் பவர் பிளான்ட் வந்தா கிரிட் நெரிசல் தீர்ந்துடும்"னு. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதத்தைப் பார்த்தா வேற எதைப் பத்தியும் இந்த வாரம் எழுத முடியாது போல. பாதிப் பேர் என்னய்யா கதை விடுறேன்னு கேக்கறாங்க, மீதிப் பேர் எங்க வீட்டு பேட்டரியைச் சேர்த்துக்கலாமான்னு கேக்கறாங்க. முதல்லயே ஒத்துக்கறேன், "தீர்ந்துடும்"னு எழுதினது ஓவர். கிரிட்டை, அதாவது ஊரெல்லாம் கரண்ட் கொண்டு போற கம்பி வலையை, ஓட்டற கண்ட்ரோல் ரூம்ல இத்தனை வருஷம் உக்காந்து எழுந்தவன் அப்படி எழுதியிருக்கக் கூடாது. சரி, கேள்விக்குப் போவோம்.

விர்ச்சுவல்னா நிஜத்துல இல்லாததுன்னுதானே அர்த்தம் சார், இல்லாத பிளான்ட்ல இருந்து எப்படி கரண்ட் வரும்? (பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தர்)

நல்லா கேட்டீங்கம்மா. கரண்ட் நிஜம், பிளான்ட்டுங்கற கட்டடம்தான் இல்ல. பத்தாயிரம் வீட்டுல ஆளுக்கு ஒரு பேட்டரி இருக்குன்னு வைங்க, ஒவ்வொண்ணும் 5 கிலோவாட் கொடுக்கும்னா மொத்தம் 50 மெகாவாட், அது ஒரு சின்ன கேஸ் டர்பைன் கொடுக்கற அளவு. இதுல ஒரு பேட்டரியை மட்டும் தனியா பார்த்தா கிரிட்டுக்கு அது கொசு மாதிரி, இருக்கிறதும் தெரியாது போறதும் தெரியாது, ஆனா பத்தாயிரத்தையும் இன்டர்நெட் வழியா ஒரு சாஃப்ட்வேர் பிடிச்சு "இப்ப எல்லாரும் கொடுங்க, இப்ப எல்லாரும் நிறுத்துங்க"ன்னு சொன்னா கண்ட்ரோல் ரூம்ல இருக்கறவனுக்கு அது ஒரே மெஷின் மாதிரி தெரியும். அதுதான் விர்ச்சுவல். பேட்டரிதான் வேணும்னும் இல்ல, ஏசியைக் கொஞ்ச நேரம் தணிக்கறது, கார் சார்ஜை ரெண்டு மணி நேரம் தள்ளி வைக்கறது, கோல்ட் ஸ்டோரேஜ்ல கம்ப்ரசரை அரை மணி நேரம் நிறுத்தறது எல்லாமே சேர்த்தி, ஏன்னா 50 மெகாவாட் கூடுதலா கொடுக்கறதும் 50 மெகாவாட் கம்மியா இழுக்கறதும் கிரிட்டுக்கு ஒண்ணுதான்.

புதுசுன்னு நினைக்காதீங்க. நியூசிலாந்துல 1950கள்லயே வாட்டர் ஹீட்டரை லைன் வழியாவே ஒரு சிக்னல் அனுப்பி ஆஃப் பண்ணுவாங்க, அதுக்கு ரிப்பிள் கண்ட்ரோல்னு பேரு. யாரும் அப்ப அதை விர்ச்சுவல்னு சொல்லல, ஹீட்டர் சுவிட்சுன்னாங்க. ஜெர்மனியில கொலோன் நகரத்துல 2009ல ஆரம்பிச்ச நெக்ஸ்ட் கிராஃப்ட்வெர்கே பயோகேஸ் பிளான்ட், சோலார், காத்தாலைன்னு ஆயிரக்கணக்குல சேர்த்து இதையே பெரிய வியாபாரமா பண்ணினாங்க.

கிரிட்ல நெரிசல்னு எழுதறீங்க, கரண்ட் என்ன பஸ்ஸா, சிக்னல்ல நிக்கறதுக்கு?

நிக்காது, அதுதான் பிரச்சனையே. ரோட்டுல நெரிசல்னா வண்டி மெதுவாகும், ஹாரன் அடிப்பான், அவ்வளவுதான். லைன்ல நெரிசல்னா கரண்ட் வரிசையில காத்திருக்காது, வந்துக்கிட்டே இருக்கும், கம்பி சூடாகும். கரண்ட் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா சூடு நாலு மடங்கு. சூடான கம்பி நீளும், நீண்டா தொங்கும், தொங்கினா கீழ மரமோ வேற எதுவோ இருந்தா பட்டுடும். 2003 ஆகஸ்ட் 14 அமெரிக்காவுல ஒஹையோ பக்கம் மரத்தை வெட்டாம விட்டு, லைன் அதுல பட்டு ஒண்ணு போச்சு, அது சுமந்த சுமை பக்கத்து லைன் மேல ஏறி அதுவும் போச்சு, கண்ட்ரோல் ரூம்ல அலாரம் சாஃப்ட்வேர் வேற செத்துக் கிடந்தது, கடைசில அமெரிக்கா கனடா ரெண்டுலயும் சேர்த்து கிட்டத்தட்ட 5 கோடி பேருக்கு கரண்ட் போச்சு.

அதனாலதான் எந்த கண்ட்ரோல் ரூம்லயும் ஒரு விதி இருக்கு, எந்த ஒரு லைன் திடீர்னு போனாலும் மிச்சம் இருக்கறது தாங்கணும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு லைன், ஒவ்வொண்ணும் 500 மெகாவாட் தாங்கும்னா, பார்க்கறவங்க 1000 அனுப்பலாமேன்னு நினைப்பாங்க, அனுப்ப முடியாது, 500தான் அனுப்பணும், ஒண்ணு போனா இன்னொண்ணு மொத்தத்தையும் சுமக்கணும் இல்ல. பாதி இடம் காலியா இருக்கும்போதே "நெரிசல்"னு சொல்றது இதனாலதான். வெளியில இருக்கற பலருக்கு இது புரியாம எங்களை சோம்பேறின்னு திட்டுவாங்க, திட்டட்டும்.

இன்னொண்ணு, கரண்ட் நாம சொல்ற வழியில போகாது. தடை கம்மியா இருக்கற பாதைல நிறைய, அதிகமா இருக்கறதுல கொஞ்சம்னு தானா பிரிஞ்சு போகும். வடக்க இருக்கற காத்தாலை தெற்க இருக்கற ஃபேக்டரிக்கு கரண்ட் வித்தேன்னு பேப்பர்ல எழுதிக்கலாம், கம்பி அந்தப் பேப்பரைப் படிக்காது. ஜெர்மனியில இதுதான் தினசரி கதை, காத்து வடக்க, பெரிய தொழிற்சாலைகள் தெற்க, நடுவுல லைன் பத்தல. அப்ப என்ன பண்றாங்கன்னா வடக்க காத்தாலையை நிறுத்தச் சொல்லி அதுக்கு நஷ்ட ஈடு கொடுக்கறாங்க, தெற்க நிலக்கரியோ கேஸோ எரிக்கச் சொல்லி அதுக்கும் காசு கொடுக்கறாங்க. இதுக்கு ரீடிஸ்பேட்ச்னு பேரு. 2022ல மட்டும் இந்த மாதிரி நெரிசல் சமாளிக்கற செலவு 400 கோடி யூரோவைத் தாண்டிச்சு. சும்மா கிடைச்ச காத்தை வேண்டாம்னு சொல்றதுக்கும் காசு, வேண்டாத புகையை வாங்கறதுக்கும் காசு.

சரி, அந்த நெரிசலை எங்க வீட்டு பேட்டரி எப்படி தீர்க்கும்? எங்கயோ இருக்கற லைனுக்கும் என் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வியை எழுதினவர் பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார், ஆனா வந்த கடிதத்துலயே சரியான இடத்துல கை வச்சவர் இவர்தான். உங்க வீடு எங்க இருக்குங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

வடக்குல இருந்து தெற்கு வரை ஒரு லைன், அது தாங்க வேண்டியதைவிட 40 மெகாவாட் அதிகம்னு வைங்க. தெற்குல எட்டாயிரம் வீடு பேட்டரியில இருந்து ஆளுக்கு 5 கிலோவாட் கொடுத்தா 40 மெகாவாட் அங்கேயே கிடைச்சுடும், வடக்குல இருந்து அவ்வளவு வர வேண்டியதில்ல, லைன் மூச்சு விடும். இப்ப அதே எட்டாயிரம் வீடு வடக்குல இருந்தா? அவங்க கொடுக்கறதும் சேர்ந்து தெற்குப் பக்கம் போகப் பார்க்கும், நெரிசல் இன்னும் மோசம். அதே பேட்டரி, அதே சாஃப்ட்வேர், அதே நல்ல எண்ணம், ஆனா எதிர் விளைவு. வடக்குல இருக்கறவங்க அந்த நேரத்துல செய்ய வேண்டியது பேட்டரியை சார்ஜ் பண்ணி அங்க இருக்கற காத்தை உள்ள இழுக்கறது. கிழக்கால தள்ளி வேற லைன்ல இருக்கற வீடுன்னா 10 கொடுத்தா இந்த லைன்ல 2 தான் குறையும், அதுக்கு முழுக் காசு கொடுக்கறது வேஸ்ட்.

நிறைய விர்ச்சுவல் பவர் பிளான்ட் திட்டத்துல நான் பார்க்கற குறை இதுதான். அவங்க மார்க்கெட் விலையைப் பார்த்து ஓட்டறாங்க, விலை நாடு முழுக்க ஒண்ணா இருக்கற இடத்துல விலைக்கு எந்தத் தெருவுல கம்பி சூடாகுதுன்னு தெரியாது. விலை ஏறிச்சுன்னு எல்லா பேட்டரியும் ஒரே நேரத்துல கொட்டினா நாட்டுக்கு மொத்தமா நல்லது, ஏதோ ஒரு ஃபீடருக்கு, அதாவது ஒரு ஏரியாவுக்கு கரண்ட் கொண்டு போற லைனுக்கு, கெட்டது. அளவு எவ்வளவுன்னு விளம்பரம் பண்றாங்க, அட்ரஸ் எதுன்னு யாரும் சொல்றதில்ல.

நெதர்லாந்துல இதுக்கு ஒரு உருப்படியான வழி பண்ணினாங்க. அங்க நெரிசல் எவ்வளவு மோசம்னா புதுசா கனெக்‌ஷன் கேட்டு ஆயிரக்கணக்கான கம்பெனிங்க வரிசையில நிக்குது, ரோடு இருக்கு கட்டடம் இருக்கு கரண்டுக்கு இடமில்ல. கிரிட் கம்பெனிங்க எல்லாம் சேர்ந்து 2019ல கோபாக்ஸ்னு ஒரு பிளாட்ஃபார்ம் ஆரம்பிச்சாங்க. அதுல யார் கரண்டைக் கூட்டறேன் குறைக்கறேன்னு விலை சொன்னாலும் கூடவே இடத்தையும் சொல்லணும். நெரிசல் பகுதிக்குள்ள ஒருத்தர் குறைச்சா, அதே அளவு வெளியில இன்னொருத்தரைக் கூட்டச் சொல்லி ஜோடி சேர்த்துதான் வாங்குவாங்க, அதனால மொத்த பேலன்ஸ் கெடாது, நெரிசல் மட்டும் குறையும். ரெண்டு விலைக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தை கிரிட் கம்பெனி கட்டும். எனக்குப் பிடிச்சது இதுல இருக்கற எளிமை, விலையோட அட்ரஸையும் ஒட்டிட்டாங்க, அவ்வளவுதான்.

என் வீட்டுல சோலாரும் பேட்டரியும் இருக்கு. பேட்டரி காலை பத்து பத்தரைக்கே ஃபுல் ஆயிடுது. அப்ப நான் ஏற்கனவே கிரிட்டுக்கு உதவிக்கிட்டுதானே இருக்கேன்?

மனசு கஷ்டப்படாதீங்க, உங்க தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கு நீங்க பெருசா ஒண்ணும் உதவல.

சோலார் உச்சம் மதியம்தான். தெருவுல எல்லா வீட்டுலயும் மிச்ச கரண்ட் வெளியில வர்ற நேரமும் அதுதான், கரண்ட் வீட்டுல இருந்து டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் தலைகீழா ஓடும், வோல்டேஜ் ஏறும், அது எல்லை தாண்டினா இன்வெர்ட்டரே தானா கட் ஆகும். அந்த மதியம்தான் நெரிசல். உங்க பேட்டரி என்ன பண்ணுது, காலையில பசியெடுத்த பிள்ளை மாதிரி முதல் வெயில்லயே எல்லாத்தையும் வாங்கி ரொப்பிக்குது, மதியம் பன்னெண்டு மணிக்கு வயிறு ஃபுல், அப்ப வர்றதை எல்லாம் அப்படியே தெருவுல கொட்டுது. பேட்டரி இல்லாத வீடு மதியம் எவ்வளவு கொட்டுமோ அதே அளவு நீங்களும் கொட்டறீங்க.

காலையில சும்மா இரு, பதினொண்ணுல இருந்து ரெண்டு வரை ரொப்பிக்கோன்னு அதுக்குச் சொல்லணும். இதுக்குப் புது பேட்டரியும் வேணாம், புது லைனும் வேணாம், நேரம் மாத்தினா போதும். மதியம் மேகம் வந்துட்டா ரொம்பாம போயிடுமேன்னு கேப்பீங்க, அதுக்குத்தான் வானிலை கணிப்பு பார்த்து ஓட்டற சாஃப்ட்வேர், மேகம்னா காலையிலேயே ரொப்பிக்கோ, வெயில்னா பொறுத்திருன்னு. இந்த ஒரு சின்ன விஷயத்தை ஒழுங்கா பண்ற விர்ச்சுவல் பிளான்ட்டை நான் பெரிய விஷயம்னு சொல்வேன், பேட்டரி எத்தனை மெகாவாட்னு பீத்திக்கறதைவிட.

ராத்திரி ரேட் கம்மி, அதனால காரை பதினோரு மணிக்கு சார்ஜ் ஆகற மாதிரி டைமர் வச்சிருக்கேன். இது போதாதா, இதுக்கு எதுக்கு விர்ச்சுவல் அது இதுன்னு?

உங்க ஒருத்தருக்குப் போதும். தெருவுல எல்லாருக்கும் உங்க மாதிரியே புத்தி இருக்குன்னா?

ஒரு கணக்கு போடுவோம், பேப்பர் எடுத்துக்குங்க. 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், தோராயமா 250 கிலோவாட்னு வச்சுக்கலாம். அதுல 120 வீடு. சாயங்கால உச்சத்துல வீட்டுக்கு சராசரி 1.8 கிலோவாட்னா 216 ஆச்சு, மிச்சம் 34. கார் சார்ஜர் ஒண்ணு 7 கிலோவாட், அப்ப அஞ்சாவது கார் பிளக் போட்ட உடனே எல்லை தாண்டிடும். சரி, ராத்திரிக்கு மாத்தறோம். பதினோரு மணிக்கு வீட்டு லோடு 0.6 கிலோவாட், மொத்தம் 72. தெருவுல 30 கார், எல்லா டைமரும் பதினோரு மணிக்கு டக்குனு, 210 கிலோவாட் ஒரே நொடியில ஏறுது. 282. சாயங்காலத்தைவிட மோசம். இதை நான் கற்பனையா சொல்லல, நான் குடியிருக்கற இடத்துலயே சலுகை ரேட் வந்த கொஞ்ச நாள்ல ராத்திரி பதினொண்ணேகாலுக்கு ஃபியூஸ் போய் எல்லாரும் பால்கனியில நின்னு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். என் டைமரும் பதினொண்ணுதான், வெளியில சொல்லல.

இப்ப அதே 30 காரைப் பிரிச்சு விடுங்க. ஒரு காருக்கு ஒரு நாளைக்கு சராசரி 10 யூனிட் போதும், 30 காருக்கு 300 யூனிட். காலை அஞ்சு மணி வரை ஆறு மணி நேரம் இருக்கு, 300ஐ ஆறால வகுத்தா 50 கிலோவாட். 72ம் 50ம் 122, டிரான்ஸ்ஃபார்மர் பாதிகூட நிரம்பல. காலையில எல்லா காரும் ரெடி. டிரான்ஸ்ஃபார்மர் மாத்தவே வேணாம், கார்ங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிட்டா போதும், இல்ல நடுவுல ஒருத்தர் பேசினா போதும்.

பிரிட்டன்ல 2022 ஜூன் கடைசியில இருந்து புதுசா விக்கற வீட்டு கார் சார்ஜர்ல, டைமர் அடிச்சதும் உடனே ஆரம்பிக்காம பத்து நிமிஷம் வரைக்கும் ஏதோ ஒரு நேரம் தள்ளி ஆரம்பிக்கணும்னு சட்டமே இருக்கு, எல்லாரும் ஒரே நொடியில பாயக் கூடாதுன்னு. ஜெர்மனியில 2024 ஜனவரியில இருந்து இன்னொரு வழி, புதுசா வர்ற கார் சார்ஜர், வீட்டைச் சூடாக்கற ஹீட் பம்ப் எல்லாத்தையும் உள்ளூர் கிரிட் கம்பெனி நெரிசல் நேரத்துல 4.2 கிலோவாட் வரைக்கும் குறைக்கலாம், அதுக்குக் கீழ குறைக்கக் கூடாது, பதிலுக்கு நெட்வொர்க் கட்டணத்துல தள்ளுபடி, கனெக்‌ஷன் தர முடியாதுன்னு சொல்லவும் கூடாது. அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம்னு எனக்குத் தோணுது.

எங்கயாவது நிஜமா வேலை செஞ்சிருக்கா, இல்ல எல்லாமே பவர்பாயின்ட்லதானா?

செஞ்சிருக்கு, ஆனா எது எதுக்கு வேலை செஞ்சதுன்னு பிரிச்சுப் பார்க்கணும். 2019 அக்டோபர்ல ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துல ஒரு பெரிய நிலக்கரி யூனிட் திடீர்னு நின்னு 700 மெகாவாட்டுக்கு மேல போச்சு, 50 ஹெர்ட்ஸ்ல இருக்க வேண்டிய ஃப்ரீக்வென்ஸி சரிஞ்சது, தெற்கு ஆஸ்திரேலியாவுல சில நூறு வீட்டு பேட்டரிங்க தானா அதைக் கவனிச்சு கரண்டைக் கொடுத்தது. பிரிட்டன்ல 2022-23 குளிர்காலத்துல 16 லட்சம் வீடும் கடையும் சேர்ந்து, சொன்ன நேரத்துல உபயோகத்தைக் குறைச்சாங்க, மொத்தம் 3300 மெகாவாட் மணி. கலிஃபோர்னியாவுல 2025 ஜூலை 29 சாயங்காலம் ஏழுல இருந்து ஒன்பது வரை ஒரு லட்சத்துக்கு மேல வீட்டு பேட்டரியை ஒண்ணா ஓட்டி சராசரி 535 மெகாவாட் எடுத்துக் காட்டினாங்க.

இதெல்லாம் பிரமாதம், ஆனா இதுல எதுவும் சரியான அர்த்தத்துல நெரிசல் வேலை இல்ல. மொத்த நாட்டுக்கோ மாநிலத்துக்கோ கரண்ட் பத்தாம போனா கை கொடுக்கற வேலை. இதைக் காட்டி "பாருங்க நெரிசல் தீர்ந்தது"ன்னு சொல்றவங்களை நம்பாதீங்க, ரெண்டு இதழுக்கு முன்னாடி எழுதின நான் உட்பட.

நெரிசலுக்கு நல்ல உதாரணம் பழசு, அதுல விர்ச்சுவல் பவர் பிளான்ட்ங்கற பேரே கிடையாது. நியூயார்க்ல புரூக்ளின், குயீன்ஸ் பகுதியில லோடு ஏறிக்கிட்டே போச்சு, புது சப்ஸ்டேஷன் கட்ட சுமார் 120 கோடி டாலர் ஆகும்னு கணக்கு. அங்க கரண்ட் கொடுக்கற கம்பெனி 2014ல வேற வழி கேட்டு அனுமதி வாங்கிச்சு, 20 கோடி டாலர்ல அந்தப் பகுதிக்குள்ள மட்டும் 52 மெகாவாட் குறைக்கறோம்னு. என்ன பண்ணினாங்க, கடைக்கும் அப்பார்ட்மென்ட்டுக்கும் லைட் மாத்திக் கொடுத்தாங்க, பேட்டரி, ஃபியூயல் செல், தேவைப்படற நேரத்துல லோடு குறைக்கறதுன்னு கையில கிடைச்சதை எல்லாம் சேர்த்தாங்க. அங்க உச்சம் ராத்திரிலதான், அதனால சோலார் பேனலை மட்டும் வச்சுட்டுப் போயிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. சப்ஸ்டேஷன் வேலை தள்ளிப் போச்சு. ரத்து ஆகல, தள்ளிப் போச்சு, ஆனா அவ்வளவு பணத்தை சில வருஷம் தள்ளிப் போடறதே பெரிய லாபம். இதுல ஜெயிச்சதுக்குக் காரணம் வேற ஒண்ணும் இல்ல, எந்த சப்ஸ்டேஷன், எந்த மணி நேரம்னு ரெண்டையும் முதல்லயே முடிவு பண்ணிட்டு அப்புறம்தான் ஆள் சேர்த்தாங்க.

பேட்டரி என்னுது, தேயறதும் என்னுது, காசு மட்டும் நடுவுல இருக்கறவனுக்கா?

நியாயமான கோவம். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி சிலதை எழுத்துல கேளுங்க. பேட்டரியில எவ்வளவு எனக்குன்னு விட்டு வைப்பீங்க, 20 சதவீதமா 30ஆ? வருஷத்துக்கு எத்தனை தடவை எடுப்பீங்க? இன்னைக்கு வேண்டாம்னு நான் ஒரு பட்டன் அழுத்தினா அபராதம் உண்டா? பேட்டரி கம்பெனி வாரன்ட்டி இதுக்கு ஒத்துக்குமா? புயல் எச்சரிக்கை வந்தா? அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்துல இதை ரொம்ப நாளா நடத்தற கம்பெனி புயலுக்கு முன்னாடி வீட்டு பேட்டரியைத் தொடாம ஃபுல்லா வச்சுடுது, அப்படி ஒரு வரி உங்க ஒப்பந்தத்துல இருக்கான்னு பாருங்க. தேய்மானம்னு பார்த்தா, வருஷத்துல முப்பது நாப்பது தடவை எடுக்கறதால பெருசா ஒண்ணும் ஆகாது, தினமும் ரெண்டு தடவை மார்க்கெட்ல வாங்கி வித்து விளையாடினாதான் தேயும்.

இன்னொரு பக்கமும் இருக்கு, ஏமாத்தறது எப்பவும் கம்பெனி மட்டும் இல்ல. "கம்மியா இழுத்தேன்"னு காசு கேக்கணும்னா வழக்கமா எவ்வளவு இழுப்பீங்கன்னு ஒரு கணக்கு வேணும் இல்லையா, அங்கதான் வில்லங்கம். அமெரிக்காவுல பால்டிமோர்ல ஒரு விளையாட்டு ஸ்டேடியத்துல பகல்லயே ஃப்ளட்லைட்டைப் போட்டு வச்சு, அப்புறம் அணைச்சு, குறைச்சுட்டோம்னு காசு வாங்கின விவகாரம் 2013ல ஒழுங்குமுறை ஆணையம் வரைக்கும் போச்சு. பேட்டரிக்கு தனி மீட்டர் வச்சா இந்தத் தொல்லை இல்ல, வெளியில வந்த யூனிட்டை எண்ணினா போதும். அதனாலதான் நான் ஏசியைவிட பேட்டரிக்கு ஓட்டு போடுவேன்.

ஹேக் பண்ணிட்டா?

பயம் நியாயம்தான். லட்சம் இன்வெர்ட்டர் ஒரே சர்வர் பேச்சைக் கேக்குதுன்னா அந்த சர்வரைப் பிடிச்சவன் கையில ஒரு பெரிய சுவிட்ச் இருக்கு. 2016ல மிராய்னு ஒரு வைரஸ் வீட்டு கேமராவையும் ரவுட்டரையும் லட்சக்கணக்குல பிடிச்சது, காரணம் பாக்ஸோட வந்த பாஸ்வேர்டை யாரும் மாத்தல. ஒழுங்கான டிசைன்ல, நெட் அறுந்தாலோ கிறுக்குத்தனமா ஒரு கட்டளை வந்தாலோ, பேட்டரி தன் வீட்டு விதிக்குத் திரும்பிடணும், வோல்டேஜ் ஃப்ரீக்வென்ஸி பார்த்து தானா நடந்துக்கணும், எத்தனை வேகமா ஏறலாம் இறங்கலாம்னு உள்ளேயே எல்லை இருக்கணும். உங்க பாஸ்வேர்டை இன்னைக்கே மாத்துங்க.

அப்ப புது லைனே வேண்டாம்னு சொல்றீங்களா? எங்க வயல் வழியா ஒரு டவர் வருதாம், உங்க கட்டுரையைக் காட்டலாமா?

காட்டாதீங்க, தோத்துடுவீங்க. கடல் காத்துல இருந்து வர்ற ஆயிரக்கணக்கான மெகாவாட்டை இன்னொரு மூலைக்கு நாள் கணக்குல தூக்கிட்டுப் போறதுக்கு வீட்டு பேட்டரி ஆகாது, பேட்டரி ரெண்டு மணி நேரம் நாலு மணி நேரம் தாங்கும், காத்து மூணு நாள் விடாம அடிக்கும். அதுக்கு லைன்தான். ஆனா லைன் எப்ப வரும்னு பாருங்க, ஜெர்மனியில வடக்கையும் தெற்கையும் இணைக்கற சூட்லிங்க், சுமார் 700 கிலோமீட்டர், 4000 மெகாவாட், 2022ல முடிக்கறதா சொன்னது, எதிர்ப்பு வந்து மண்ணுக்கடியில கேபிளா மாத்தி, இப்ப 2028னு சொல்றாங்க. அந்த நடுவுல இருக்கற வருஷத்துக்குத்தான் விர்ச்சுவல் பிளான்ட். ஒரு வருஷத்துல நாலஞ்சு நாள், நாளைக்கு ரெண்டு மணி நேரம் மட்டும் எல்லை தாண்டற லைனுக்கும் அதுதான் சரி, பத்து மணி நேரத்துக்காக ஒரு லைன் கட்டறது யாருக்கும் கட்டுப்படியாகாது. உங்க வயல்ல வர்ற லைன் எந்த ரகம், வருஷத்துல எத்தனை மணி நேரம் நெரிசல்னு அவங்ககிட்ட கேளுங்க. அந்த மணிக்கணக்கைக் காட்டச் சொல்லுங்க, கம்மியா இருந்தா பேசறதுக்கு உங்க கையில ஒரு பாயின்ட் இருக்கு.

ஒரே பேட்டரியை மார்க்கெட் கம்பெனி "கொடு"ன்னும் உள்ளூர் கிரிட் கம்பெனி "கொடுக்காதே"ன்னும் ஒரே நேரத்துல சொன்னா யார் பேச்சைக் கேக்கும்?

இந்தத் தொழில்ல இருக்கற ஒருத்தர்தான் இதை எழுதியிருக்கணும், வெளி ஆளுக்கு இது தோணாது. பல நாட்டுல இதை இன்னும் அடிச்சுக்கிட்டு இருக்காங்க. அமெரிக்காவுல 2020 செப்டம்பர்ல வந்த 2222ங்கற ஆணை சின்னச் சின்ன பேட்டரிங்களைச் சேர்த்து, 100 கிலோவாட் ஆனா போதும், மொத்த மார்க்கெட்ல விக்கலாம்னு கதவைத் திறந்தது, அதுக்கப்புறம் உள்ளூர் கம்பெனி தன் பாதுகாப்புக்காக அதை எப்ப தடுக்கலாம்ங்கறதை எழுதறதுலயே வருஷங்கள் ஓடுது. என் பழைய புத்திக்குத் தெரிஞ்சது இதுதான், சூடாகற கம்பி பக்கத்துல இருக்கறவன் சொல்றதுதான் முதல்ல, மத்தவங்க அப்புறம். ஆனா தடுக்கறவன் ஏன் தடுத்தேன்னு லைன் பேரோட நேரத்தோட எழுதி வெளியில போடணும், இல்லேன்னா எதுக்கெடுத்தாலும் நெரிசல்னு சொல்லிட்டு சும்மா உக்காந்திருப்பான். கண்ட்ரோல் ரூம்ல நானே அப்படி சில ராத்திரி உக்காந்திருக்கேன்.